அடித்த விடைக்கு மதிப்பெண் இல்லை

பொதுத்தேர்வு விடைத்தாளில் ஒரு விடையைக் குறுக்கே கோடிட்டு அடித்தால், பக்கத்தில் "என்னால் அடிக்கப்பட்டது" என்று எழுத வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலேயே இதைப் பழகிவிடுவார்கள். அடித்தது அறைக் கண்காணிப்பாளர் இல்லை, திருத்தியவர் இல்லை, வேண்டாதவர் யாரும் இல்லை, நான்தான் என்று தேர்வு எழுதியவரே கொடுக்கும் வாக்குமூலம் அது. முப்பத்து நான்கு வருடம் கணித ஆசிரியராக இருந்தேன். அதில் கடைசிப் பதினாறு வருடம், கோடைதோறும் தஞ்சாவூரில் நடக்கும் விடைத்தாள் திருத்தும் முகாமில் முதன்மைத் தேர்வாளர். அந்த வாக்குமூலத்தை எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. படித்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். அடித்த விடைக்கு மதிப்பெண் இல்லை. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்றுதான் இருந்தேன்.

முகாம் நடப்பது ஏதாவது ஒரு பெரிய பள்ளியின் வகுப்பறைகளில். ஏப்ரல் வெயிலில் மின்விசிறியை வேகமாக வைத்தால் தாள் பறக்கும். மெதுவாக வைத்தால் வியர்வை தாளில் சொட்டும். ஓர் அறைக்கு நான், கூட்டலைச் சரிபார்க்க ஒருவர், திருத்த ஆறு பேர். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. ஒரு தாளுக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக ஒரு பிள்ளை பன்னிரண்டு வருடம் படித்திருக்கிறது என்று ஆண்டு விழா மேடையில் பேசலாம். அறைக்குள் யாரும் அப்படி நினைப்பதில்லை. நாலரை மணிப் பேருந்தை நினைப்பார்கள். பேராவூரணியிலிருந்து வருகிற ஆசிரியர் வீடு போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிடுவார்கள். அவரிடம் கருணையைக் கேட்க முடியாது. கூட்டல் சரியாக இருந்தால் போதும்.

ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருடம் முன்பு, முகாமில் திரும்பத் திரும்பப் பார்த்த பிழைகளை ஒரே பக்கத்தில் எழுதினேன். "கணிதத் தேர்வில் தவிர்க்க வேண்டியவை" என்று தலைப்பு. கீழே பன்னிரண்டு குறிப்புகள். முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி, சிலுவை, 786 எதுவும் போடாதே. அடையாளக் குறி என்று யாராவது எடுத்துக்கொண்டால் உன் தாள் தனியே போய்விடும். ஒரு மதிப்பெண் வினாவில் "ஆ" என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் "இ"க்கு உரிய விடையை எழுதாதே. இரண்டில் ஒன்று தப்பானாலும் பூஜ்யம். கட்டாய வினா என்று போட்டிருப்பதைக் கட்டாயம் படி. "அல்லது" என்று இருந்தால் இரண்டையும் எழுதி நேரத்தைத் தொலைக்காதே. பக்கம் திரும்பும் இடத்தில் கழித்தல் குறி காணாமல் போகிறது. புதிய பக்கத்தின் முதல் வரியைப் பழைய பக்கத்தின் கடைசி வரியோடு ஒத்துப்பார். வினா எண்ணைத் தப்பாகப் போடாதே. நீ நாற்பத்திரண்டுக்கு எழுதிய அற்புதமான விடையை நாற்பத்து மூன்றுக்குத் திருத்த எங்களுக்கு அனுமதி இல்லை.

ஒன்பதாவது குறிப்பு இது: "ஒரே வினாவுக்கு இரண்டு விடை வைக்காதே. ஒன்றை முழுதாக அடித்து, என்னால் அடிக்கப்பட்டது என்று எழுது. திருத்துபவரைக் குழப்பாதே."

அந்தத் தாளை வருடாவருடம் பிப்ரவரியில் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். ஊர், தஞ்சாவூருக்கும் தாராசுரத்துக்கும் நடுவில், வாய்க்கால் ஓரத்தில் நீண்டு கிடக்கும் ஒரு சிறிய ஊர். ஓய்வு பெற்ற பிறகும் பள்ளியில் அந்தத் தாளைக் கேட்டார்கள், நானும் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளிகளும் வாங்கிப் போயின. எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கடைக்காரரைப் பாய் என்று கூப்பிடுவேன். அவர் என்னை சார் என்பார். ஒவ்வொரு வருடமும் அந்தத் தாளை இயந்திரத்தில் வைக்கும்போது ஏதாவது சொல்லாமல் விட மாட்டார்.

"சார், பதிமூணாவதா ஒன்னு சேருங்க. இந்தத் தாளை மடிச்சுப் புத்தகத்துல வச்சுட்டு மறந்துடாதேன்னு."

"அதை யாரு படிப்பா பாய்?"

"அதுவும் சரிதான். பன்னண்டையே எவனும் படிக்கல."

கடை வைப்பதற்கு முன்பு பாய் வளைகுடாவில் பதினோரு வருடம் இருந்தார். சாலை போடும் நிறுவனம் ஒன்றில் நில அளவைக் குழுவுக்கு உதவியாள். முக்காலி மேல் கருவியை வைத்து ஒருவர் பார்ப்பார். தூரத்தில், மணலில், அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பாய்.

"பதினோரு வருஷம் குச்சி பிடிச்சேன் சார். அவன் கைய இப்படி ஆட்டுனா வலது, அப்படி ஆட்டுனா இடது. அந்தக் கருவிக்குள்ள என்னதான் தெரியும்னு ஒரு தடவை பார்க்கணும்னு ஆசை. விடல. எம்மவ பார்க்கட்டும்."

மகளும் அதைத்தான் விரும்பினாள். அப்பாவின் ஆசையைச் சுமக்கிற பிள்ளையாக எனக்குத் தெரியவில்லை. பாலம் எப்படி நிற்கிறது, மதகு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று தானே கேட்கிற பெண். சிவில் படிக்க வேண்டும். அரசுப் பொறியியல் கல்லூரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் தனியார் கல்லூரி என்றால் கடையை விற்க வேண்டும். கடையை விற்றால் நான்கு வருடம் சாப்பிட வேறு வழி பார்க்க வேண்டும். வீட்டில் இது ரகசியம் இல்லை. மூன்று பாடங்களின் மதிப்பெண்ணைச் சேர்த்துப் போடும் கட்ஆஃபில் கணக்குக்குத்தான் பாதிப் பங்கு. ஆகவே எல்லாம் கணக்கில்தான் இருந்தது.

நான் அவளுக்குப் பாடம் எடுத்ததில்லை. அவள் மேல்நிலை வகுப்புக்கு வரும் முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். போன வருடம் பிப்ரவரியில் என் தாள் அவள் கைக்கும் போனது, அவ்வளவுதான்.

மார்ச்சில் கணக்குத் தேர்வு முடிந்த அன்று சாயங்காலம், எழுதிய வினாக்களுக்கு எல்லாம் டிக் போட்ட வினாத்தாளைப் பாய் என்னிடம் கொடுத்தார். மகள் பக்கத்தில் நின்றாள்.

"நாற்பத்து நாலாவதுல கடைசியில கொஞ்சம் நேரம் பத்தல சார்," என்றாள்.

ஐந்து மதிப்பெண் வினா. மூன்று புள்ளிகள் வழியாகச் செல்லும் தளத்தின் சமன்பாடு. கடைசி வரி விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து ஒரு மதிப்பெண் கழித்தேன். மற்றதை எல்லாம் வாய்மொழியாகக் கேட்டுக் கூட்டினேன். அகமதிப்பீட்டோடு சேர்த்து எண்பத்தைந்து வந்தது. என் மதிப்பீடு ஒன்றுக்கு மேல் பிசகியதில்லை என்று ஊரில் ஒரு பேர் உண்டு. பாய் அதை நம்பினார். முந்தைய வருடத்துக் கட்ஆஃப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். எண்பத்தைந்துக்கு, வேதியியல் காலை வாராமல் இருந்தால், அரசுக் கல்லூரிகளில் இரண்டு மூன்று எட்டும் தூரத்தில் இருந்தன.

வேதியியல் காலை வாரவில்லை. மே மாதம் முடிவு வந்தபோது கணக்கு எண்பத்திரண்டு.

பாய் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், மூணு குறையுது." பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ரேஷன் அட்டைக்கு நகல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "என்ன பண்ணலாம் சார்?"

இந்த இடத்தில்தான் நான் உபயோகப்படுகிறவன். முடிவு வந்த பிறகு என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்ய வேண்டும். அவசரப்பட்டு மறுகூட்டலுக்குப் போட்டுவிட்டு, பிறகு தாளைப் பார்க்க வேண்டும் என்று அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்தத் தேதிக்குள், எந்த வழியாக, எந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பாய் அதையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

நகல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போய்விட்டு வந்ததும் கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு, அவருடைய இயந்திரத்திலேயே எல்லாப் பக்கங்களையும் அச்சிட்டார். வெளியே வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அடியில் வெடித்த மண்ணும் பிளாஸ்டிக் பைகளும் கிடந்தன. மேட்டூர் திறப்பார்களா, திறந்தாலும் கடைமடைக்கு வருமா என்று எதிர் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். பழக்கம்.

நல்ல தாள். இதைச் சொல்லியாக வேண்டும். வலது ஓரத்தில் ரஃப் வேலை, இடது ஓரத்தில் வினா எண், படிகள் ஒன்றன் கீழ் ஒன்று, இறுதி விடையைச் சுற்றிப் பெட்டி. முதல் பக்க உச்சியில் எதுவும் இல்லை. பக்கம் திரும்பும் இடங்களில் கழித்தல் குறிகள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தன. நான் சொன்ன அத்தனையையும் செய்திருந்தாள். ஒரு மதிப்பெண் வினாக்களில் இரண்டு போயிருந்தது, நியாயமாகவே போயிருந்தது. மூன்று மதிப்பெண் வினா ஒன்றில் ஒரு படி தப்பு. அதுவும் நான் எதிர்பார்த்ததுதான்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில் என் பேனா நின்றது.

நாற்பத்து நான்காம் வினாவின் விடை முழுப் பக்கத்துக்கு இருந்தது. சூத்திரம், பிரதியிடல், விரிவாக்கம், பெட்டிக்குள் விடை: 2x − y + 3z − 7 = 0. சரியான விடை. அதன் மேல் மூலைக்கு மூலை அளவுகோல் வைத்துப் போட்ட ஒரு கோடு. கோட்டின் கீழே அழகான கையெழுத்தில், என்னால் அடிக்கப்பட்டது. அடுத்த பக்கத்தில் அதே வினா எண்ணைப் போட்டு, சூத்திரமும் பிரதியிட்ட ஒரு வரியும். அதோடு சரி. திருத்தியவர் அதற்கு ஒரு மதிப்பெண் கொடுத்திருந்தார். கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருந்தார்.

"இது என்னம்மா?"

"அதை அடிச்சிட்டேன் சார்."

"சரியான விடைம்மா இது. ஏன் அடிச்சே?"

"முடிச்சப்பறம் பத்து நிமிஷம் இருந்துச்சு. சரிபார்க்கலாம்னு புள்ளிகளை மாத்தி எடுத்து ரஃப்பா ஒரு தடவை போட்டேன். எல்லாக் குறியும் தலைகீழா வந்துச்சு. மைனஸ் ரெண்டு, ப்ளஸ் ஒன்னு, மைனஸ் மூணு, ப்ளஸ் ஏழு. ரெண்டுல ஒன்னு தப்புன்னு நினைச்சேன். ரெண்டாவதுதான் நிதானமா போட்டது. அதனால முதல்ல எழுதுனதை அடிச்சிட்டு இதை எழுத ஆரம்பிச்சேன். மணி அடிச்சிட்டாங்க."

இரண்டும் ஒன்றுதான். ஒரு சமன்பாட்டில் எல்லாக் குறிகளையும் ஒருசேர மாற்றினால் சமன்பாடு மாறாது. ஒரே வீட்டுக்கு வாசல் பக்கமாக நின்று வழி சொல்வதும் கொல்லைப் பக்கமாக நின்று வழி சொல்வதும் போல. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். தேர்வறையில், கடைசிப் பத்து நிமிடத்தில், எச்சரிக்கை மணி அடித்த பிறகு, யாருக்கும் புரியாது.

"ரெண்டுமே சரிம்மா," என்றேன்.

"வீட்டுக்கு வந்தப்பறம் தெரிஞ்சுது சார்."

"முதல் விடையை அப்படியே விட்டிருக்கலாம்ல? அடிக்காம, கீழே இதையும் எழுதியிருக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்கதான் சார் போட்டிருந்தீங்க. ரெண்டு விடை வைக்காதன்னு. ஒன்பதாவது."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. எந்தப் பாடத்தில் எந்தப் பயிற்சியில் இருக்கிறது என்று சொல்லும் குரல். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வினாவுக்கு இரண்டு விடைகள், இரண்டும் அடிக்கப்படாமல் இருந்தால், எங்கள் முகாமில் இரண்டையும் திருத்துவோம். எதற்கு அதிகமோ அதை வைத்துக்கொள்வோம். அதுதான் வழக்கம். பிள்ளைக்கு நட்டமே இல்லை. நட்டம் எங்களுக்கு: ஐந்து நிமிடம் கூடுதல் வேலை, கூட்டலில் கவனம், எரிச்சல். ஒன்பதாவது குறிப்பை நான் எழுதியது அந்த எரிச்சலைக் குறைக்கத்தான். அன்று உட்கார்ந்தபடியே மற்றப் பதினொன்றையும் மனத்துக்குள் ஓட்டிப்பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. வெற்றுப் பக்கத்தில் கோடு போடு, புதிய வினாவைப் புதிய பக்கத்தில் தொடங்கு, பென்சிலால் எழுதாதே, பெட்டி போடு. பிள்ளைகள் பிழை செய்யாமல் இருக்க எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அறையில் உட்கார்ந்து திருத்துகிற ஏழெட்டுப் பேருக்குத் தலைவலி வராமல் இருக்க எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், என் அறையில் திருத்திக்கொண்டிருந்த ஓர் இளம் ஆசிரியை ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சார், அடிச்ச விடை முழுசும் சரியா இருக்கு. அடுத்து எழுதுனது பாதியில நிக்குது. அடிச்சதுக்குப் போடலாமா சார்?"

"அடிச்சது அடிச்சதுதாம்மா. எழுதியே கொடுத்திருக்கான் பாருங்க, என்னால் அடிக்கப்பட்டதுன்னு."

"பாவமா இருக்கு சார்."

"பாவத்துக்கு விடைக்குறிப்புல மார்க் போட்டிருக்கா?"

அறையில் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். யாருடைய தாள், எந்த ஊர், அந்த மதிப்பெண்ணோடு என்ன போனது என்று அறிந்துகொள்ள வழியே இல்லை. தாளில் எண் மட்டும்தான் இருக்கும்.

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தளமும் குறியும் அவருக்கு விளங்கவில்லை. ஆனால் சரியான விடை ஒன்று அடிபட்டுக் கிடக்கிறது என்பது விளங்கிவிட்டது.

"அப்ப யார் மேல தப்பு சார்?"

நேரடியான கேள்வி. பதிலும் நேரடியானதுதான்; எட்டு வருடமாக அவர் இயந்திரத்திலேயே நகலாகி வெளியே வந்துகொண்டிருந்த பதில்.

"அவசரப்பட்டுட்டா பாய்," என்றேன். "வயசு அப்படி."

அவள் பக்கங்களை எல்லாம் சேர்த்து, மேசையில் தட்டி ஓரங்களை ஒழுங்காக்கி, கிளிப் போட்டு உள்ளே வைத்தாள். "அத்தா, நான் வீட்டுக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"கோவிச்சுக்கிட்டா போல," என்றார் பாய். "விடுங்க சார். நீங்க சொன்னதுல என்ன தப்பு? அவசரம்தான். அவ உம்மா மாதிரி."

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம். மறுமதிப்பீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வேறொரு அறையில், வேறு இருவர், அதே விதியை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள். அவர்களும் நாலரை மணிப் பேருந்தை நினைப்பார்கள். அதைப் பாயிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதிலாக மூன்று பக்கத்துக்கு ஒரு மனு தயாரித்தேன். பொருள், பார்வை, இணைப்பு என்று எல்லாம் முறைப்படி. இரண்டு சமன்பாடுகளும் ஒரே தளத்தையே குறிக்கின்றன, மாணவி தன் விடையின் சரித்தன்மையைச் சோதித்தறியும் நோக்கத்திலேயே மறுபடி செய்திருக்கிறார், எனவே அடிக்கப்பட்ட விடையைக் கருணையுடன் பரிசீலிக்க வேண்டும். கருணை என்ற சொல்லை நான் ஓர் அலுவலகத்துக்கு எழுதியது அதுதான் முதல் தடவை. பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

மறுமதிப்பீட்டு முடிவு எப்படி வரும் என்று வெளியே பலருக்குத் தெரியாது. யாருடைய மதிப்பெண் மாறியதோ அவர்களுடைய பதிவெண்களை மட்டும் பட்டியலாக இணையத்தில் போடுவார்கள். மாறாதவர்களுக்குத் தனியாக ஒரு வரி கிடையாது. பட்டியலில் இல்லாமல் இருப்பதுதான் அவர்களுக்கான பதில். ஜூன் மாதம் ஒரு மதியம் பாயும் நானும் கடைக் கணினியில் அந்தப் பட்டியலைத் திறந்தோம். எண்கள் ஏறுவரிசையில் இருந்தன. அவளுடைய எண் வர வேண்டிய இடத்தில், அதற்கு முந்தையதும் பிந்தையதுமான இரண்டு எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன.

"அடுத்த பக்கத்துல இருக்குமோ சார்?"

"வரிசையா போட்டிருக்காங்க பாய்."

"வரிசை தப்பாகியிருக்கும்ல? மனுஷங்கதானே போடறாங்க?"

கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தார். பிறகு முதலிலிருந்து ஒருமுறை. ஒரு பெண்மணி வந்து நில ஆவணத்துக்கு நகல் கேட்டபோது எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பார்த்தார். நான் அவரைத் தடுக்கவில்லை.

தரவரிசை வந்தபோது, அவளுக்குக் கிடைத்த கட்ஆஃபுக்கும், அந்த நான்கு மதிப்பெண் சேர்ந்திருந்தால் கிடைத்திருக்கும் கட்ஆஃபுக்கும் நடுவில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருந்தாலும் நான் விடவில்லை. கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் தயாரிப்பது ஒரு கலை, அதையும் செய்தேன். அறுபது கல்லூரிகள். அரசு, அரசு உதவி பெறுபவை, அதற்குப் பிறகு கல்விக் கடன் கிடைக்கக்கூடிய தனியார் கல்லூரிகள், சிவில் இல்லையென்றால் என்ன பிரிவு என்று பக்கத்தில் குறிப்பு. பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது அவள் ஏற்கெனவே கணினி முன்னால் உட்கார்ந்து பூர்த்தி செய்துகொண்டிருந்தாள்.

"எத்தனை போட்டிருக்கே?"

"பதினொன்னு சார்."

"பதினொன்னு பத்தாதும்மா. கிடைக்காம போயிடும். இந்தா, அறுபது எழுதியிருக்கேன். இதே வரிசையில போடு."

வாங்கினாள். மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். "பதினொன்னுக்குக் கீழ இருக்கறது எல்லாம் அத்தாவால முடியாது சார்," என்று சொல்லிவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "இது போதும்."

"லோன் இருக்கே..."

"போதும் சார்."

பாய் தலையைக் குனிந்துகொண்டு இயந்திரத்தில் காகிதம் நிரப்பினார். அதில் ஏற்கெனவே காகிதம் இருந்தது.

அவளுடைய சுற்று வந்தது. பதினொன்றிலும் இடம் இல்லை. அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். ஆனால் அந்தப் பதினொன்றிலும் அவளுக்கு உரிய இட ஒதுக்கீட்டில் சிவில் நிரம்பிவிட்டிருந்தது. கடைசியாக இடம் கிடைத்தவரின் கட்ஆஃபை ஒவ்வொரு கல்லூரிக்கும் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒரு கல்லூரியில் அது அவளுடையதைவிட இரண்டரை கூடுதல். அடிபட்ட அந்த விடையில் போனது நான்கு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாய்க்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும், கணக்கு வருகிற பெண்.

பிறகு இரண்டு மூன்று வாரம் கடைப்பக்கம் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொன்னேன். மேட்டூர்த் தண்ணீர் ஒருவழியாக வாய்க்காலுக்கு வந்து, நாற்று விட்டவர்கள் விட்டு, விடாதவர்கள் அலுத்து, பேருந்து ஜன்னலில் ஓரளவு பச்சை தெரிய ஆரம்பித்திருந்தது. ஓய்வூதியர் நேர்காணலுக்கு ஆதார் நகல் வேண்டியிருந்தது. ஊரில் அந்த ஒரு கடைதான்.

"வாங்க சார். ஆளையே காணோம்."

"கொஞ்சம் காய்ச்சல் பாய். மக எங்க?"

"காலேஜ் போயிருக்கா." ஆதாரை வாங்கிக் கண்ணாடி மேல் வைத்தார். "பாலிடெக்னிக் சார். கவர்மெண்டுதான். சிவில். ப்ளஸ் டூ முடிச்சவங்கள நேரா ரெண்டாம் வருஷத்துல சேர்த்துக்கறாங்களாமே."

சேர்த்துக்கொள்வார்கள். எனக்குத் தெரியும். அறுபது கல்லூரிகளை எழுதிய எனக்கு அந்த ஒரு வரி தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். எண்பத்திரண்டு எடுத்த பெண்ணைப் பாலிடெக்னிக்குக்கு அனுப்புவது என் மதிப்பீட்டுக்கு இழுக்கு.

"எப்ப சேர்ந்தா?"

"மே மாசமே அப்ளிகேஷன் போட்டிருக்கா சார். அந்த வெள்ளிக்கிழமை, நீங்க பேப்பரைப் பார்த்துட்டுப் போனீங்கள்ல, அன்னைக்கே. இடமும் எப்பவோ வந்துடுச்சாம். எங்கிட்ட கலந்தாய்வு முடிஞ்சப்பறம்தான் சொன்னா. நான் ஒருத்தன், லிஸ்டுல நம்பரைத் தேடிக்கிட்டு இருக்கேன், அவ அதுக்கு முன்னாடியே முடிச்சுட்டா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய். என்னென்ன சர்டிபிகேட் வேணும், எந்த வரிசையில வைக்கணும்னு..."

"அதுக்குத்தான் சார் சொல்ல வேணாம்னா."

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

"ரெண்டாவது வாரமே அவ கையில கருவியக் கொடுத்துட்டாங்களாம் சார்," என்றார். முகத்தில் மகிழ்ச்சி போல ஒன்று வந்து, நிற்காமல் போனது. "ஆனா இன்ஜினீயர்னு போட மாட்டாங்கள்ல. டிப்ளமோன்னுதான் போடுவாங்க. நான் குச்சி பிடிச்ச கம்பெனியிலயும் டிப்ளமோ ஆளுங்க இருந்தாங்க. எங்களைவிட மேல. அவ்வளவுதான்." இயந்திரம் நகலைத் துப்பியது. "டிப்ளமோ முடிச்சுட்டு பி.இ. ரெண்டாம் வருஷத்துல சேரலாம்னு சொல்றாங்களே. நிஜமா சார்?"

"சேரலாம் பாய்."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். ஆதாரையும் நகலையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம், "உங்களுக்கு எத்தனை?" என்றார்.